பல்பு முட்டை போடாது

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் குடியரசு நாள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கொடியேற்றம் முடிந்து, மிட்டாயும் வாங்கிக்கொண்டு கிளம்பிய உங்களைச் செயலாளர் பிடித்து உட்கார வைத்துவிட்டார். பதினைந்து நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ள மாட்டேன். நான் டாக்டர் இல்லை, ஜிம் பயிற்சியாளரும் இல்லை. பி.காம். படித்துவிட்டு 35 ஆண்டுகள் வங்கியில் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதனால் நான் பேசப்போவதில் பாதி கணக்காகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் கீழ்த்தளத்து உடற்பயிற்சி அறைக்கு மாலை 7 மணிக்குப் போய்ப் பாருங்கள். பிள்ளைகள் உற்சாகமாக எடை தூக்குகிறார்கள். பார்க்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. அந்த அறையின் ஜன்னல் திட்டில் நாலைந்து பிளாஸ்டிக் டப்பாக்கள் வரிசையாக இருக்கும். அவற்றில் சிலவற்றின் பெயர் 'ப்ரீ ஒர்க்அவுட்'. உடற்பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்பு தண்ணீரில் கலக்கிக் குடிக்கிற பவுடர். இதைக் குடித்தால் உடம்பு ஏறும், எடை கூடும், சதை வைக்கும் என்று நம் பிள்ளைகளில் பலர் நம்புகிறார்கள். போன ஆண்டு ஜூலை வரை நானும் நம்பினேன்.

என் மகள் வழிப் பேரனை உங்களில் பலருக்குத் தெரியும். பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அப்போது அவன் எடை 52 கிலோ, உயரம் 5 அடி 9 அங்குலம். ஒருநாள் வந்து, "அப்புச்சி, ஒரு 2,400 ரூபா வேணும். உடம்பு ஏத்தற பவுடர் வாங்கணும்" என்றான். பிள்ளை சிகரெட்டுக்கா கேட்கிறான், உடம்பு தேறத்தானே கேட்கிறான் என்று நானே கடைக்குக் கூட்டிப்போனேன். கடைக்காரர், "ஒரே மாசத்துல தெரியும் பாருங்க சார்" என்றார். ஒரு கையெழுத்துக்கு மூன்று முறை கேள்வி கேட்டுப் பழகிய நான், அந்த டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் பணம் கொடுத்தேன்.

மூன்றாவது வாரம் ஒரு வியாழக்கிழமை. மத்தியானம் சரியாகச் சாப்பிடாதவன், ஒரு கரண்டியில் இப்போதெல்லாம் ஒன்றும் தெரியவில்லை என்று இரண்டு கரண்டியாகக் கலக்கி மாலை 7 மணிக்குக் குடித்திருக்கிறான். அதற்கு முன் வீட்டில் ஒரு டம்ளர் காபியும் உள்ளே போயிருந்தது. இரவு 10 மணிக்கு என் அறைக்கு வந்து, என் கையை எடுத்துத் தன் நெஞ்சின்மேல் வைத்தான். "அப்புச்சி, இது நிக்கவே மாட்டேங்குது" என்றான். கைக்குள் ஒரு கோழிக்குஞ்சைப் பிடித்தால் எப்படித் துடிக்குமோ அப்படித் துடித்தது. கை நடுங்குகிறது, முகமெல்லாம் வேர்வை. மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்வரை என் மகள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பணம் கொடுத்தது யார் என்று அவளுக்குத் தெரியும்.

இ.சி.ஜி. எடுத்தார்கள். விடியும்வரை கண்காணிப்பில் வைத்திருந்து, ஆபத்தில்லை என்று அனுப்பிவிட்டார்கள். பணியிலிருந்த மருத்துவர் சிறுவயதுப் பெண். என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "அதுல காஃபின் எவ்வளவுன்னு பார்த்தீங்களா, ஐயா?"

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பேரேடு சரிபார்க்கிற மாதிரி உட்கார்ந்து பார்த்தேன். ஒரு கரண்டிக்கு காஃபின் 200 மில்லிகிராம் என்று எழுதியிருந்தது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டி, ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் காஃபினைத் தாண்டக் கூடாது என்கிறது. 150 மில்லி வடிகட்டிய காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் இருக்கும் என்பதும் அதே வழிகாட்டியில் இருக்கிறது. கணக்குப் போடுங்கள். இரண்டு கரண்டிக்கு 400, காபிக்கு ஒரு 100. ஒரு முழு நாளுக்கான அளவைத் தாண்டி, ஒரே மாலையில், வெறும் வயிற்றில்!

அந்த லேபிளில் என்னைத் தலைகுனிய வைத்தது வேறொரு வரி. 'ஆற்றல்: ஒரு கரண்டிக்கு 8 கிலோ கலோரி. புரதம்: 0.' எடை கூடுவதற்காக வாங்கிய பொருளில் எடை கூட்டுகிற சரக்கே இல்லை! ஒரு பிஸ்கட்டில்கூட அதைவிடப் பல மடங்கு இருக்கும்.

அப்படியானால் உள்ளே என்னதான் இருக்கிறது? பொதுவாக இந்த டப்பாக்களில் இருப்பது நான்கு சரக்கு. முதலாவது காஃபின். இரண்டாவது பீட்டா அலனின். குடித்த கொஞ்ச நேரத்தில் முகத்திலும் காதிலும் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். "பவுடர் வேலை செய்யுது" என்று பிள்ளைகள் பூரித்துப்போவார்கள். அது தோலின் நரம்பு நுனிகளில் உண்டாகும் உணர்வு. சதை வளர்வதற்கான அடையாளம் கிடையாது. மூன்றாவது சிட்ருலின். ரத்தக் குழாய்களைச் சற்று விரியச் செய்யும். பயிற்சி செய்யும்போது கை புடைத்துத் தெரியும், ஓரிரு மணி நேரத்தில் வடிந்துவிடும். என் பேரன் செல்போனில் படம் எடுத்து வைத்திருந்ததெல்லாம் அந்தப் புடைப்பைத்தான். நான்காவது, சில டப்பாக்களில் மட்டும், கிரியேட்டின்.

நியாயமாகப் பேச வேண்டும். இவை எல்லாமே ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை. காஃபின் களைப்பைத் தள்ளிப்போடும். பத்து முறை தூக்குகிறவன் பதினொரு முறை தூக்கலாம். அது ஆய்வுகளில் நிரூபணமானது. கிரியேட்டின் அதைவிடப் பலமாக நிரூபணமானது. தினமும் 3 முதல் 5 கிராம் வீதம் சில வாரங்கள் எடுத்து, கூடவே எடையும் தூக்கினால் வலிமையும் சதையும் ஓரளவு கூடும். முதல் வாரங்களில் ஏறும் எடையில் பெரும்பகுதி தசைக்குள் தங்கும் நீர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கிரியேட்டின் வேலை செய்வது தினமும் சேர்வதால். பயிற்சிக்கு முன்பு குடித்தால்தான் பலன் என்பதில்லை. அதற்காக இந்தக் கலவை டப்பாவை வாங்க வேண்டியதும் இல்லை.

எடை கூடுமா என்ற கேள்விக்கு வருகிறேன். இதற்குப் பதில் எனக்கு 30 ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்திருக்கிறது. எனக்குத்தான் உறைக்கவில்லை.

நாமக்கல் கிளையில் 11 ஆண்டுகள் இருந்தேன். கோழிப்பண்ணைக் கடன் மேசை. எருமப்பட்டிப் பக்கம் ஒரு பண்ணைக்காரர், நடைமுறை மூலதனக் கடனுக்கு விண்ணப்பித்திருந்தார். செலவுப் பட்டியலில் ஷெட்டுக்கு விளக்குச் செலவு என்று ஒரு வரி. "பகல் வெளிச்சம் போதாதா அண்ணா?" என்று கேட்டேன். முட்டைக்கோழிக்கு ஒரு நாளைக்கு 16 மணி நேரம் வெளிச்சம் வேண்டும், சூரியன் கொடுப்பது போக மிச்சத்தைப் பல்பு போட்டு நிரப்ப வேண்டும் என்று விளக்கினார். நான் புத்திசாலித்தனமாக, "அப்போ பல்பைக் கூட்டினா முட்டை கூடுமா?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "பல்பு முட்டை போடாதுங்க சார். தீவனந்தான் முட்டை போடும். 'எந்திரி, நேரமாச்சு'ன்னு சொல்றதோட பல்பு வேலை முடிஞ்சுதுங்க. ஒரு கோழிக்கு ஒரு நாளைக்கு 110 கிராம் தீவனம் போயாகணும். மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, கிளிஞ்சல். அதைக் குறைச்சுட்டு நீங்க எத்தனை பல்பு போட்டாலும் கோழிதான் இளைக்கும்."

அன்றைக்கு அந்தப் பண்ணைக்காரர் சொன்னதில் எல்லாமே இருக்கிறது. ப்ரீ ஒர்க்அவுட் என்பது பல்பு. உடம்பை எழுப்பி வேலை செய் என்று சொல்லும். சதை வளரத் தேவையான சரக்கு தீவனத்தில்தான் வர வேண்டும். ஒல்லியான பிள்ளைகளுக்கு இதில் ஒரு நஷ்டமும் உண்டு. காஃபின் பலருக்குப் பசியை மந்தப்படுத்தும். குடித்து 5 மணி நேரம் கழித்தும் ஏறத்தாழப் பாதி உடம்பில் நிற்கும். மாலை 7 மணிக்குக் குடித்தவனுக்கு இரவு 12 மணிக்கும் பல்பு எரிந்துகொண்டிருக்கிறது. சதை சேர்வது ஓய்விலும் உறக்கத்திலும். பசியையும் தூக்கத்தையும் கெடுத்துக்கொண்டு எடை கூட நினைப்பது, வைப்புத் தொகையை உடைத்து வட்டி சம்பாதிக்க நினைப்பதைப் போல. என் பேரன் அந்த மூன்று வாரத்தில் ஒரு கிலோ இறங்கியிருந்தான்.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். 2,400 ரூபாய் டப்பாவில் 30 கரண்டி. ஒரு கரண்டி 80 ரூபாய். அதற்குக் கிடைத்தது 8 கலோரி. நம் தெருமுனைக் கடையில் 3 முட்டை, 50 கிராம் நிலக்கடலை, கால் லிட்டர் பால், 2 வாழைப்பழம் வாங்கினேன். எல்லாம் சேர்த்து 60 ரூபாய்க்குள் முடிந்தது. ஏறத்தாழ 40 கிராம் புரதம், 800 கலோரிக்கு மேல். எடை கூட வேண்டியவர் வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் தினமும் 300 முதல் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டால் போதும் என்பார்கள். ஆக இந்த 60 ரூபாயிலேயே மிச்சம் இருக்கிறது.

புரதத்துக்கும் கணக்கு உண்டு. சாதாரணமாக ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம். எடை தூக்கிப் பயிற்சி செய்கிறவர்களுக்கு 1.6 கிராம் வரை பலன் உண்டு. அதற்கு மேல் போனால் சதை கூடுவதில்லை என்று நான் சொன்ன அதே வழிகாட்டி சொல்கிறது. சதை வளர்ப்பதற்காகப் புரதப் பவுடர் சாப்பிடுவதைத் தவிர்க்கும்படியும் அது அறிவுறுத்துகிறது. 52 கிலோ பையனுக்கு 1.6 என்றால் 83 கிராம். வீட்டுப் பருப்பு, தயிர், முட்டை, கடலை, கொண்டைக்கடலை, வாரத்தில் இரண்டு நாள் கோழிக்கறி என்று எட்டிவிடலாம். முட்டை தொடாத வீடுகளுக்கு சோயா உருண்டை இருக்கிறது. உலர்ந்த 100 கிராமில் 50 கிராம் புரதம்.

இதில் நம் சேலத்துப் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. "ஜவ்வரிசிக் கஞ்சி குடி, உடம்பு தேறும்" என்போம். ஜவ்வரிசி கிட்டத்தட்ட முழுவதும் மாவுச்சத்து. கலோரி கிடைக்கும், புரதம் கிடைக்காது. பாலில் காய்ச்சிக் கூட ஒரு கைப்பிடி கடலையும் கொடுத்தால் அது உணவு. 'மாஸ் கெய்னர்' என்று பெரிய வாளி அளவு டப்பாவில் விற்கிறார்களே, அவற்றில் பலவற்றின் பெரும்பகுதி மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துத்தான். நம் ஊர் ஜவ்வரிசிக்குச் சொந்தக்காரன் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு வந்த மாதிரி.

ஒல்லிப் பிள்ளைக்கு என்ன கொடுப்பது என்ற கேள்வி நம் மாநிலத்துக்குப் புதிதும் இல்லை. 1982இல் சத்துணவுத் திட்டம் விரிவாக வந்தது. 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது. 2010இல் வாரத்துக்கு 5 முட்டை ஆனது. பக்கத்து மாவட்டத்திலிருந்து தினமும் கோடிக்கணக்கில் முட்டை லாரி ஏறுகிறது. நாம் அந்த லாரிக்கு வழி விட்டுவிட்டு டப்பா வாங்கப் போகிறோம்.

பணம் போனால் போகட்டும் என்று சொல்ல முடியாத ஒரு விஷயமும் உண்டு. இந்த டப்பாக்களின் பழைய வரலாறு நல்லதாக இல்லை. டி.எம்.ஏ.ஏ. என்ற ஊக்கப்பொருள் ஒரு காலத்தில் பல ப்ரீ ஒர்க்அவுட் பவுடர்களில் இருந்தது. 2010 தில்லி காமன்வெல்த் போட்டிக்கு முன்பு நம் மல்யுத்த வீரர்கள் சிலர் இந்தப் பொருளால்தான் சோதனையில் சிக்கினார்கள். அந்தப் போட்டியில் பெண்கள் 100 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற நைஜீரிய வீராங்கனையும் இதனால் பதக்கத்தை இழந்தார். 2011 டிசம்பரில், இரண்டு வீரர்கள் இறந்ததைத் தொடர்ந்து, அமெரிக்க ராணுவம் தன் முகாம் கடைகளிலிருந்து இந்தச் சரக்கை எடுக்கச் சொன்னது. 2012 லண்டன் மாரத்தானில் 30 வயதுப் பெண் ஒருவர் முடிவுக்கோட்டுக்குச் சற்று முன்பு விழுந்து இறந்தார். தண்ணீரில் அந்தப் பவுடரைக் கலந்து குடித்திருந்தார் என்று விசாரணையில் தெரிந்தது. பிறகு பல நாடுகள் அதைத் தடுத்துவிட்டன. ஆனால் எந்த டப்பாவிலும் முன்பக்கத்தில் 'ஆபத்து' என்று எழுதியிருக்கவில்லை என்பதை நாம் மறக்கக் கூடாது.

லேபிளில் எழுதியிருப்பதையாவது நம்பலாமா? 2024இல் கேரள மருத்துவர் ஒருவரும் அவருடைய குழுவினரும் இந்தியச் சந்தையிலுள்ள 36 புரதப் பவுடர்களைப் பரிசோதித்து வெளியிட்டார்கள். சுமார் 70 விழுக்காட்டில் புரத அளவு தவறாக எழுதப்பட்டிருந்தது. 14 விழுக்காட்டில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு இருந்தது. அவர்கள் பார்த்தது புரதப் பவுடரை. ப்ரீ ஒர்க்அவுட்டை இல்லை. ஆனாலும் இரண்டும் ஒரே அலமாரியில்தான் நிற்கின்றன. அஃப்ளாடாக்சின் என்ற சொல்லை நான் முதலில் கேட்டது கோழிப்பண்ணைகளில். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. பண்ணைக்காரர் மக்காச்சோள மாதிரியை அங்கே கொடுத்துப் பார்த்துவிட்டுக் கோழிக்குப் போடுகிறார். நாம் பேரனுக்குக் கொடுப்பதைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை.

சில டப்பாக்களில் 'ப்ரொப்ரைட்டரி பிளெண்ட்' என்று போட்டு, எல்லாச் சரக்கையும் சேர்த்து மொத்த எடையை மட்டும் எழுதியிருப்பார்கள். எது எவ்வளவு என்று தெரியாது. பற்று வரவு எதுவும் இல்லாமல் அடியில் கூட்டுத்தொகை மட்டும் எழுதிய பேரேட்டை எந்தத் தணிக்கையாளராவது ஏற்பாரா? அந்த டப்பாவைக் கீழே வைத்துவிடுங்கள்.

இனி என் வேண்டுகோள்கள். தடை போடுங்கள் என்று கேட்கவில்லை. தடை போட்டால் பிள்ளைகள் ஒளித்துக் குடிப்பார்கள்.

சங்கத்துக்கு: நம் உடற்பயிற்சி அறையில் எந்தப் பவுடரும் விற்கக் கூடாது, பிரித்துப் பகிரவும் கூடாது. வாட்ஸ்அப் குழுவிலும் விற்பனை வேண்டாம். காஃபின் அளவு பற்றி ஓர் அறிவிப்பு அந்தச் சுவரில் இருக்கட்டும். எழுதித் தர நான் தயார்.

பிள்ளைகளுக்கு: 18 வயது ஆகாதவர்கள் இதைத் தொடவே வேண்டாம். ஆனவர்களும் வாங்கித்தான் தீருவேன் என்றால் ஒரு கரண்டியில் காஃபின் எவ்வளவு என்று பாருங்கள். 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். அன்றைக்குக் குடித்த காபி, டீ, எனர்ஜி டிரிங்க் எல்லாவற்றையும் கூட்டுங்கள். மாலையில் வேண்டாம். தண்ணீர் இல்லாமல் பவுடரை அப்படியே வாயில் கொட்டுகிற வீர விளையாட்டு வேண்டவே வேண்டாம். நெஞ்சு படபடத்தால் வெட்கப்படாமல் எழுப்புங்கள். என் பேரன் என்னை எழுப்பினான். அதற்காக இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன்.

என் வயதுக்காரர்களுக்கு: ரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ சிறுநீரகக் கோளாறோ இருப்பவர்கள், "பேரன் குடிக்கிறானே, நடைப்பயிற்சிக்குத் தெம்பா இருக்கும்" என்று ஒரு கரண்டி ருசி பார்க்க வேண்டாம். இந்தக் குடியிருப்பில் அப்படி ஒருவர் பார்த்திருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன்.

கடைசியாக ஒன்று. மருத்துவமனையிலிருந்து வந்த மறுநாள் அவனிடம், "ஏன் கண்ணு இரண்டு கரண்டி போட்டே?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "லிஃப்ட்ல ஏறினா ஆளாளுக்குக் கேக்கறாங்க அப்புச்சி. 'என்ன தம்பி, வீட்டுல சோறு போடறதில்லையா? காத்தடிச்சா பறந்துருவ போல'ன்னு. நீங்களும்தான் சொல்வீங்க" என்றான். சொல்லியிருக்கிறேன். சிரிப்புக்குத்தான் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை. கடைக்காரர் அந்த டப்பாவை விற்பதற்கு முன்பே பாதி வியாபாரத்தை நாங்கள் முடித்துக் கொடுத்துவிட்டோம்.

அதனால், லிஃப்டில் ஒல்லிப் பிள்ளையைப் பார்த்தால் படிப்பைப் பற்றிக் கேளுங்கள், கிரிக்கெட்டைப் பற்றிக் கேளுங்கள். உடம்பைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.

இப்போது அவன் எடை 55 கிலோ. ஆறு மாதத்தில் 3 கிலோ. "ஒரே மாசத்துல" இல்லை. காலையில் 3 முட்டை, மாலையில் கடலையும் பழமும், வாரம் நான்கு நாள் எடைப் பயிற்சி, இரவு 10.30க்கு விளக்கை அணைத்துவிடுகிறான். முட்டையை வேகவைப்பது என் வேலை. சிறுசேமிப்புக் கணக்கு மாதிரி மெதுவாகத்தான் ஏறுகிறது. ஏறியது இறங்கவில்லை.